பாழ், பயலு, புலம்: வெளி உண்மையில் வெறுமையா?

மார்டள்ளியில் அமாவாசை இரவில் ஊர் விளக்குகளைத் தாண்டி, மாதேஸ்வரன் மலைப் பக்கமாகச் சிறிது தூரம் நடந்தால் போதும். விண்மீன்களைவிட அவற்றுக்கு நடுவே உள்ள கறுப்புதான் கண்ணை நிறைக்கும். நகரத்துக்காரர்களுக்கு அந்தக் கறுப்பைப் பார்க்கும் வாய்ப்பே இப்போது இல்லை; அவர்கள் தலைக்கு மேல் இருப்பது சாம்பல் நிறம். பழைய மைசூர் மாவட்டத்தில் கொள்ளேகால் பக்கத்து ஊர் மார்டள்ளி. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு போனது. இன்று ஹனூர் வட்டத்தில் இருக்கிறது. தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் கன்னடம் என்று இரண்டு மொழிகளில் வாழ்கிறவர்கள். விண்மீன்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போகும் கேள்விக்கு வேண்டிய சொற்கள் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன.

கன்னடத்தில் பயலு என்றால் திறந்த நிலம். அதே சொல்லுக்கு வெறுமை என்றும் பொருள் உண்டு. 12ஆம் நூற்றாண்டு வசனகாரரான அல்லமபிரபு, எல்லாம் கடந்த நிலையைச் சொல்ல அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். நம் வயலும் அவர்களுடைய பயலும் ஒரே வேர்ச்சொல்லில் கிளைத்தவை. தமிழில் இதற்கு இணையாகப் பாழ் இருக்கிறது. பயிரிடாத நிலமும் பாழ், ஒன்றுமின்மையும் பாழ். பரிபாடலில் எண்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் பூச்சியத்துக்கும் அதுவே பெயர். ஆனால் பாழ்நிலம் என்பது ஒன்றுமில்லாத நிலம் அல்ல என்று உழவர் எவரும் சொல்வார். அருகும் கோரையும் அதில் வேரோடியிருக்கும், விதைகள் மழைக்குக் காத்திருக்கும். விதைக்கவில்லை என்பது மட்டுமே பாழ் என்ற சொல்லின் கணக்கு. வெளியைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்த விவாதத்தையும், சென்ற நூறாண்டு இயற்பியல் கண்டதையும் படித்துப் பார்த்த பிறகு, நான் வந்து சேர்ந்த இடமும் இதுதான்: காலி என்பது, எதை எடுத்துவிட்டோம் என்பதைப் பொறுத்த சொல்.

கேள்வி உண்மையில் இரண்டு. வெளி காலியாக இருக்கிறதா என்பது ஒன்று. அந்த வெளி எப்படி வந்தது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு இல்லை; ஆனால் எந்த எல்லை வரை தெரியும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பொதுப்பேச்சில் இவ்வளவு சிக்கல்.

ஆகாயம் என்று நம் முன்னோர் சொன்னது எதை?

ஐம்பூதங்களின் கலவையே உலகம் என்கிறது தொல்காப்பியம். அந்த ஐந்தில் ஒன்று விசும்பு. பரிபாடலின் திருமால் பாடல் ஒன்றில் கீரந்தையார், வானம் முதலில் தோன்றி, அதிலிருந்து காற்றும், காற்றிலிருந்து தீயும், தீயிலிருந்து நீரும், நீரிலிருந்து நிலமும் வந்த வரிசையைச் சொல்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது, ஆகாயத்துக்கும் ஒரு தோற்றம் உண்டு என்ற எண்ணம். எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வைசேடிகம் என்ற தத்துவப் பள்ளியினர் ஆகாயத்தை என்றும் உள்ள பொருள் என்றனர். மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் கொள்கையைச் சொல்லும் காதையில் வைசேடிகவாதியும் வருகிறான். அவனது ஒன்பது திரவியங்களில் ஆகாயம் ஒன்று, திசை வேறொன்று. ஆகாயத்தின் குணம் ஒலி. கிழக்கு மேற்கு, அருகு தொலைவு என்று இடம் பிரித்துக் காட்டுவது திசையின் வேலை. இன்று ‘ஸ்பேஸ்’ என்று நாம் சொல்வதற்கு வைசேடிகத்தில் நெருங்கி வருவது ஆகாயம் அல்ல, திசை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதிய கட்டுரைகள் தமிழில் நிறைய.

சமணர்கள் இன்னும் துல்லியமாகப் பிரித்தார்கள். ஆகாயத்தின் ஒரே தொழில் இடம் கொடுப்பது. உயிரும் பொருளும் அசைவும் உள்ள பகுதி லோகாகாயம். அதற்கு அப்பால் எல்லையின்றி விரியும் அலோகாகாயத்தில் எதுவுமே இல்லை. அசைவதற்குக்கூட அங்கே துணையில்லை. உலகம் இல்லாவிட்டாலும் வெளி இருக்கும் என்ற இந்தக் கருத்து, 1687இல் நியூட்டன் எழுதிய தனிமுதல் வெளிக்கு மிக அருகில் நிற்கிறது. பௌத்தர்களில் ஒரு சாரார் ஆகாயத்தை யாராலும் ஆக்கப்படாத மெய்ப்பொருள் என்றனர். மறுசாரார், தடை இல்லாமைக்கு நாம் இட்ட பெயரே அது, அப்படி ஒரு பொருள் தனியே கிடையாது என்றனர். சைவ சித்தாந்தத்தில் ஆகாயம் மாயையின் விளைவு, படைப்பின் போது தோன்றி ஒடுக்கத்தின் போது ஒடுங்குவது. சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டும்போது உருவம் எதுவும் இல்லை, பொன் வில்வ மாலைகள் மட்டும் தொங்குகின்றன. அங்கே வெறுமையே வழிபடுபொருள்.

மார்டள்ளியின் கோயிலில் மறைக்கல்வி படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு மரபும் சொந்தம். ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் அனைத்தையும் படைத்தார் என்பது திருச்சபையின் போதனை. படைப்புக்கு முன் என்ன நடந்தது என்ற கேள்விக்கு, காலமும் படைப்போடுதான் தொடங்கியது, ஆகவே அங்கே ‘முன்’ இல்லை என்று 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விடை சொன்னவர் புனித அகுஸ்தினார். இந்த விடையை நான் பெரிதும் மதிக்கிறேன். பதினைந்து நூற்றாண்டு கழித்து வந்த பேரண்டவியலும் இதே இடத்தில்தான் வந்து தடுமாறுகிறது.

ஆக, என்றும் உள்ள பொருள், வெறும் கொள்கலம், தோன்றிய விளைவு, பெயர் மட்டும் என நான்கு நிலைப்பாடுகள் பழைய காலத்திலேயே எதிரெதிரே நின்றன. எது சரி என்று தீர்க்க அவர்களிடம் வாதம் இருந்தது, கருவி இல்லை.

குடத்தைக் காலி செய்து பார்ப்போம்

வேதாந்திகள் குடத்துக்குள் உள்ள ஆகாயத்தை உவமையாகச் சொல்வார்கள். அந்தக் குடத்தையே எடுத்துக்கொள்வோம். பத்து லிட்டர் பிடிக்கும் குடம். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் குடம் காலி என்பார்கள். உள்ளே காற்று நிரம்பியிருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டரில் மட்டும் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள்.

காற்றை எடுக்கவே முடியாது, இயற்கை வெறுமையை விடாது என்பது அரிஸ்டாட்டில் முதல் ஐரோப்பாவில் நிலவிய நம்பிக்கை. 1640களில் டாரிசெல்லி பாதரசம் நிறைந்த கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துவைத்து, மேலே ஓர் இடைவெளி உண்டாவதைக் காட்டினார். பாதரசத்தைத் தாங்குவது வெறுமையின் இழுப்பு அல்ல, வெளியே உள்ள காற்றின் அழுத்தம் என்பது, 1648இல் பாஸ்கலின் மைத்துனர் மலையேறி அளந்தபோது உறுதியானது. இன்று செர்ன் ஆய்வகத்தின் பெரிய மோதற்கருவியில் துகள்கள் ஓடும் குழாயின் அழுத்தம், நாம் மூச்சு விடும் காற்றின் அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. விண்மீன்களுக்கு இடையே சராசரியாக ஒரு கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு அளவில் இருக்கும். விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே போனால் ஒரு கன மீட்டருக்கு ஓர் அணு கிடைப்பதும் அரிது.

நம் குடத்தை அங்கே கொண்டுபோய் வைத்தோம் என்று கொள்வோம். பெரும்பாலும் அதில் ஓர் அணுகூட இருக்காது. ஆனால் ஒளி இருக்கும். பேரண்டம் இளமையில் சூடாக இருந்ததன் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு, கன சென்டிமீட்டருக்கு 411 ஒளித்துகள்கள் என்ற கணக்கில் எங்கும் நிறைந்திருக்கிறது. பத்து லிட்டர் குடத்தில் எந்தக் கணத்திலும் நாற்பது இலட்சத்துக்கு மேல். 1965இல் பென்சியாஸும் வில்சனும் கண்டறிந்த கதிர்வீச்சு இது. குடத்தைச் சுற்றிக் குளிர்ந்த உலோகச் சுவர் எழுப்பி இதையும் தடுக்கலாம். நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தடுக்கச் சுவர் கிடையாது. அந்த இளமைக் காலத்தில் பிறந்த நியூட்ரினோக்கள் மட்டும் கன சென்டிமீட்டருக்கு 300க்கு மேல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இவற்றை நேரடியாக இன்னும் யாரும் பிடிக்கவில்லை. கதிரவனிலிருந்து வருபவை தனி: நம் உள்ளங்கையின் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே நொடிக்கு 6,500 கோடி அளவில், இரவிலும், பூமியைத் துளைத்துக்கொண்டு போகின்றன.

நியூட்ரினோ என்று சொல்லிவிட்டுக் கோலாரைச் சொல்லாமல் போக முடியாது. வெளியின் காலித்தன்மையைச் சோதித்த பரிசோதனைகளில் நம் மண்ணுக்குச் சொந்தமான பெரிய ஒன்று அங்கே நடந்தது. கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள்; வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப் பகுதிகளிலிருந்தும் குடிபெயர்ந்த குடும்பங்கள். அந்தத் தொழிலாளர்கள் தோண்டிய ஆழத்தை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆய்வுக்கூடமாக்கினார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி ஆகியோரோடு ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்தார்கள். ஸ்ரீகண்டன் 1925இல் நஞ்சன்கூடு அருகே பிறந்தவர், மைசூர்ச் சீமையின் பிள்ளை.

அவர்கள் தேடியது மிக எளிமையான ஒன்று: ஒன்றும் வராத இடம். வானிலிருந்து விழும் அண்டக்கதிர்களின் மியூவான் துகள்கள் தரைக்குள் எவ்வளவு தூரம் போகின்றன என்று ஆழம் ஆழமாக அளந்துகொண்டே போனார்கள். கீழே போகப் போக எண்ணிக்கை குறைந்து, இறுதியில் ஏறக்குறைய அற்றுப்போனது. சாதாரணப் பார்வையில் அதுதான் வெறுமை. அந்த அமைதியில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் உணர்கருவிகளைச் சுவர்போல நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். மேலிருந்து வருவது பாறையில் அடங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது பாறைக்குள் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். 1965இல் அப்படிப்பட்ட மியூவான்கள் பதிவாயின. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் முதன்முதலாக அகப்பட்ட இடங்களில் ஒன்று அது. அதே ஆண்டில் தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் கண்டது. உலகிலேயே மிக நிசப்தமான இடமொன்றைத் தேடிப் போனவர்கள், அங்கும் ஏதோ ஒன்று ஓயாமல் போய்க்கொண்டிருப்பதைக் கண்டார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. கோலார்த் தமிழர்களின் உழைப்பை எழுதும்போது தங்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். இந்த அறிவும் அவர்கள் வெட்டிய பாறைக்குள்ளிருந்துதான் வந்தது என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.

எல்லாம் எடுத்த பிறகும் எஞ்சுவது

நியூட்ரினோவையும் கற்பனையில் எடுத்துவிடுவோம். துகள் ஒன்றுகூட இல்லை. இப்போதாவது குடம் காலியா?

19ஆம் நூற்றாண்டு இல்லை என்றது. ஒலி பரவக் காற்று வேண்டும் என்பது போல ஒளி பரவ ஈதர் என்ற ஊடகம் எங்கும் நிறைந்திருக்கிறது என்று அன்றைய இயற்பியலார் நம்பினார்கள். 1887இல் மைக்கேல்சனும் மோர்லியும் பூமி ஈதரைக் கிழித்துக்கொண்டு போகும் வேகத்தை அளக்க முயன்று, எந்த வேறுபாடும் காணாமல் திரும்பினார்கள். 1905இல் ஐன்ஸ்டைன் ஈதர் தேவையே இல்லை என்று காட்டினார். அவரே 1915இல் பொதுச் சார்பியலைத் தந்தபோது, வெளி வெறும் மேடையாக இருந்த நிலை மாறியது: பொருள் இருந்தால் வெளி வளைகிறது, வளைந்த வெளி பொருளை நகர்த்துகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று இரண்டு கருந்துளைகள் மோதியதால் எழுந்த அதிர்வு அமெரிக்காவின் லைகோ கருவிகளைக் கடந்தபோது, நான்கு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு புரோட்டானின் விட்டத்தில் சிறு பின்னமே மாறியது. அந்த அளவேயானாலும், வெளி அதிர்ந்தது என்பது பதிவாயிற்று. ஒன்றுமில்லாதது அதிராது.

குவாண்டம் இயற்பியல் இன்னும் ஆழமாகப் போகிறது. அதன்படி உலகின் அடிப்படை துகள்கள் அல்ல, புலங்கள். எலக்ட்ரான் புலம், மின்காந்தப் புலம் என்று அவை வெளி முழுவதும் உள்ளன. அவற்றில் எழும் அதிர்வையே துகள் என்கிறோம். துகள் இல்லாத இடம் என்றால் புலம் அடங்கியிருக்கும் இடம் என்றுதான் பொருள், புலம் இல்லாத இடம் என்று பொருள் அல்ல. அடங்கினாலும் முழுதாக அடங்குவதில்லை. வீணைத் தந்தியை விரலால் தொட்டு நிறுத்தலாம். குவாண்டம் தந்தியை அப்படி நிறுத்த இயற்கை விதி இடம் தராது, சிறு நடுக்கம் எஞ்சும். புலம் என்ற கலைச்சொல்லுக்கு நிலம் என்றும் பொருள் இருப்பது தமிழில் நமக்கு வாய்த்த நற்பேறு. விதைக்காத புலம் பாழ். ஆயினும் அது புலமே.

நடுக்கம் வெறும் கணக்கல்ல. 1947இல் லாம்பும் ரெதர்ஃபோர்டும் ஹைட்ரஜன் அணுவின் இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு இடையே, இருக்கக் கூடாத ஒரு சிறு இடைவெளியை அளந்தார்கள். எலக்ட்ரானை வெற்றிடத்தின் நடுக்கம் அசைக்கிறது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பொருந்துகிறது. 1948இல் டச்சுக்காரர் காசிமிர், மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் ஒன்றையொன்று ஈர்க்கும் என்றார். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கானால், கணக்குப்படி அந்த ஈர்ப்பு காற்றழுத்தத்துக்கு ஈடாகிவிடும். 1997இல் லாமரோவும், 1998இல் கலிஃபோர்னியாவில் உமர் மொஹிதீனும் அனுஸ்ரீ ராயும் அதைத் துல்லியமாக அளந்தார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தகடுகளில் உள்ள எலக்ட்ரான்களுக்கு இடையேயான விசையாகவும் இதைக் கணக்கிடலாம் என்று 2005இல் ஜாஃபே காட்டியிருக்கிறார். ஆகவே காசிமிர் விளைவு ஒன்றை மட்டும் வைத்து வெற்றிடத்தில் ஆற்றல் கொட்டிக்கிடக்கிறது, அதை எடுத்து மின்சாரம் செய்யலாம் என்று பேசுவது தவறு. துகள்கள் ஒன்றுமில்லாமையிலிருந்து தோன்றித் தோன்றி மறைகின்றன என்ற வாக்கியமும் கணக்கை விளக்கும் ஒரு சித்திரமே. அந்தச் சித்திரத்தை அப்படியே உண்மையாக எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

சர்ச்சைக்கு இடமில்லாத சான்று ஹிக்ஸ் புலம். மற்றப் புலங்கள் அடங்கும்போது சராசரியில் பூச்சியத்துக்கு இறங்கிவிடுகின்றன. ஹிக்ஸ் புலம் இறங்குவதில்லை. எவ்வளவு காலி செய்தாலும் வெளியெங்கும் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, எலக்ட்ரானுக்கு எடை தருவதும் அந்த மதிப்பே. அந்தப் புலத்தின் துகள் கண்டறியப்பட்டதை 2012 ஜூலை 4 அன்று செர்ன் அறிவித்தது. எனவே முதல் கேள்விக்கு நான் தயங்காமல் விடை சொல்வேன்: வெளி வெறுமையன்று. எடுக்கக்கூடியவை அனைத்தையும் எடுத்த பிறகும் எடுக்க முடியாதவை அங்கே இருக்கின்றன.

இந்த விடையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 1998இல் இரண்டு குழுக்கள் தொலைவிலுள்ள விண்மீன் வெடிப்புகளை அளந்து, பேரண்டத்தின் விரிவு வேகம் கூடிவருவதைக் கண்டன. வெளிக்கே ஓர் ஆற்றல் இருந்தால் இது விளங்கும். தேவையான அளவு மிகச் சிறியது: கன மீட்டருக்கு மூன்று, நான்கு புரோட்டான்களின் எடைக்கு நிகரானது. ஆனால் குவாண்டம் புலங்களின் நடுக்கத்தைக் கூட்டிப் பார்த்தால், வழக்கமான கணக்கு தருவது இதைவிட 1க்குப் பின்னால் 120 பூச்சியம் போட்ட மடங்கு அதிகம். இயற்பியலில் இதைவிட மோசமாகப் பொய்த்த கணக்கு இல்லை. அரிசோனாவில் உள்ள டெசி கருவியின் 2024, 2025ஆம் ஆண்டு அளவீடுகள், அந்த ஆற்றல் மாறாதது அல்ல, காலப்போக்கில் குறைகிறது என்றும் குறிப்புக் காட்டுகின்றன. உறுதியாக இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

வெளி எங்கிருந்து வந்தது?

பேரண்டம் விரிகிறது என்பதை 1927இலேயே சமன்பாடுகளிலிருந்து எடுத்துச் சொன்னவர் ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர். 1929இல் ஹபிள் வெளியிட்ட அளவுகள் அதை நிலைநாட்டின. எதற்குள் விரிகிறது என்று கேட்கிறோம். எதற்குள்ளும் இல்லை, வெளியே ஓர் இடம் காத்திருக்க, அதற்குள் பொருள்கள் சிதறி ஓடவில்லை. விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே உள்ள வெளிதான் பெருகுகிறது. மார்டள்ளிக்கும் ஹனூருக்கும் இடையே சாலை நீளவில்லை, ஏனென்றால் பூமியையும் நம் பால்வெளியையும் ஈர்ப்பு கட்டிவைத்திருக்கிறது.

1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இந்த விரிவின் தொடக்கத்தைப் படைப்பின் கணமாகக் கொண்டு பேசினார். அதில் லெமைத்ருக்கு உடன்பாடில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலைப்பாடு. ஒரு குருவானவரே இவ்வளவு கவனமாக இருந்தபோது, பரிபாடலில் பெருவெடிப்பு இருக்கிறது, சிதம்பரத்தில் குவாண்டம் வெற்றிடம் இருக்கிறது என்று நாம் எழுதுவதில் நியாயமில்லை. கீரந்தையாரும் வைசேடிகரும் கேட்ட கேள்வி பெரியது. அவர்கள் சொல்லாத விடையை அவர்கள் வாயில் திணிப்பது அந்தக் கேள்விக்குச் செய்யும் அவமரியாதை.

விரிவு உண்மை என்றாலும் தொடக்கம் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று வாதிட்டவர்களில் நம் நாட்டு ஜயந்த் நார்லிகரும் ஒருவர். ஃபிரெட் ஹாயிலோடு சேர்ந்து, பேரண்டம் என்றும் ஒரே தன்மையில் இருக்கிறது, விரியும் இடைவெளியில் புதுப் பொருள் பிறந்து நிரப்புகிறது என்ற நிலைமாறாக் கோட்பாட்டை வளர்த்தார். அதைச் சோதித்த கருவிகளில் ஒன்று நீலகிரியில் இருக்கிறது. உதகை அருகே முத்தொரையில் கோவிந்த் ஸ்வரூப் 1970இல் முடித்த வானொலித் தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த இடத்தின் அகலாங்குக்கு ஒத்த சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாக அதைக் கிடத்தினார்கள். நிலவு மறைக்கும் கணத்தைக் கொண்டு தொலைதூர வானொலி மண்டலங்களின் உருவளவை அளந்தார்கள். 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் தந்த முடிவு, மங்கலான தொலைதூர மண்டலங்கள் அருகில் உள்ளவற்றைப் போல இல்லை என்பது. தொலைவில் பார்ப்பது என்றால் பழமையைப் பார்ப்பது. பேரண்டம் மாறிவந்திருக்கிறது, நிலைமாறாக் கோட்பாடு அதோடு பொருந்தவில்லை. நார்லிகர் இறுதிவரை மாற்றுக் கருத்தைக் கைவிடவில்லை, 2025இல் காலமானார். அவர் தரப்பு தோற்றது என்றே நான் கருதுகிறேன். ஆனால் எதிர்த்தரப்பு சான்று தேடி உழைத்ததில் அவருடைய விடாப்பிடிக்கும் பங்கு உண்டு.

இந்த வேலை பழைய கதையாகிவிடவில்லை. முதல் விண்மீன்கள் ஒளிரத் தொடங்கிய காலத்தின் தடத்தைக் கண்டதாக 2018இல் ஆஸ்திரேலியாவில் வைத்த எட்ஜஸ் கருவியினர் அறிவித்தார்கள். அந்தத் தடம் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்ததால் புதிய இயற்பியலே தேவைப்படும் என்று பேச்சு எழுந்தது. பெங்களூரின் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சரஸ்-3 என்ற அலைவாங்கியைச் செய்து, 2020இல் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். நிலத்தில் வைத்தால் அடியில் உள்ள மண்ணின் அடுக்குகள் அளவைக் கெடுக்கும். நீர் ஒரே சீரானது. 2022இல் வெளியான அவர்கள் முடிவு, எட்ஜஸ் சொன்ன தடத்தை 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உறுதியோடு மறுத்தது.

இன்னும் பின்னே போனால்? விரிவு தொடங்கி 1,380 கோடி ஆண்டுகள். அந்த நுண்ணலைக் கதிர்வீச்சு நமக்குக் காட்டுவது 3.8 இலட்சம் ஆண்டு வயதுப் பேரண்டத்தை. அதற்கும் முன்னே போகக் கணக்குதான் வழி. ஈர்ப்பு எப்படிப் பொருளையும் ஒளியையும் ஒரு புள்ளியில் குவிக்கிறது என்பதற்கு 1955இல் கொல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதுரி ஒரு சமன்பாடு எழுதினார். பென்ரோஸும் ஹாக்கிங்கும் அதன் மீதுதான் தங்கள் தேற்றங்களைக் கட்டினார்கள்: ஐன்ஸ்டைன் கொள்கை முழுதும் சரியானால், பின்னோக்கிய பாதை ஓரிடத்தில் அறுந்துபோகும். அதை வெளியின் பிறப்பு என்று கொள்ளலாமா? என் கருத்தில் கூடாது. அந்தத் தேற்றம் சொல்வது, அவ்விடத்தில் ஐன்ஸ்டைன் கொள்கை தன் எல்லையை அடைகிறது என்பதை மட்டுமே.

எல்லைக்கு அப்பால் மூன்று பாதைகள் போடப்பட்டிருக்கின்றன. 1982இல் விலென்கின், வெளி என்பதே இல்லாத நிலையிலிருந்து குவாண்டம் தாவலில் ஒரு சிறு பேரண்டம் தோன்றலாம் என்றார். ஆனால் தாவலுக்கு விதி வேண்டும். விதி ஏற்கெனவே இருக்கிறது என்றால் அந்த நிலையை ஒன்றுமில்லாமை என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. மகாராஷ்டிரத்தில் பிறந்த அபய் அஷ்டேகர் 1986இல் தொடங்கிவைத்த வழியில், வெளி நெய்த துணி போன்றது. துணிக்கு இழை இருப்பது போல் வெளிக்கும் மிகச் சிறிய அலகு உண்டு. அதற்குக் கீழே பிரிக்க முடியாது. அந்த வழியில் தொடக்கம் ஒரு புள்ளியாக இல்லை, முன்பு சுருங்கிய பேரண்டம் திரும்பித் துள்ளிய இடமாக இருக்கிறது. மூன்றாவது, திருவனந்தபுரத்தில் பிறந்து புனேயில் பணியாற்றி 2021இல் மறைந்த தாணு பத்மநாபனுடையது. சூடு என்பது தனிப் பொருள் அல்ல, எண்ணற்ற அணுக்களின் அசைவு. வெளியும் அதுபோல ஆழத்தில் உள்ள ஏதோ நுண்கூறுகளின் கூட்டு விளைவு என்றார். 2012இல் அவர் எழுதிய கட்டுரை, பேரண்டம் விரிவதையே வெளி படிப்படியாக வெளிப்படுவதாகக் காட்டியது. மேலே சொன்ன 120 பூச்சியப் பிழையைத் தீர்ப்பதுதான் அவருடைய பெரும் கவலை. மூன்றில் எதற்கும் பரிசோதனைச் சான்று இல்லை. எனக்குப் பத்மநாபனின் வழி பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது சான்றாகாது என்பதையும் அறிவேன்.

பழைய நான்கு நிலைப்பாடுகளுக்கு இன்று என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்லலாம். உலகம் இல்லாவிட்டாலும் அசையாமல் கிடக்கும் கொள்கலம் என்ற கருத்து போய்விட்டது. 1915க்குப் பிறகு அதற்கு இடமில்லை. வெறும் பெயர் என்பதும் நிற்காது. பெயர் வளையாது, அதிராது. எஞ்சி நிற்பவை இரண்டு: வெளி ஓர் அடிப்படைப் பொருள், அல்லது வெளி வேறொன்றின் விளைவு. வழக்கு இந்த இரண்டுக்கும் இடையேதான் இப்போது நடக்கிறது.

தமிழில் அறிவியல் கற்பிக்கிறவர்களுக்கும் பாடநூல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெற்றிடம் என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்று எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். அதை மறக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. மார்டள்ளிப் பிள்ளைக்கும் கோலார்ப் பிள்ளைக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்த பிறகு எஞ்சுகிற இடம் வெற்றிடம் என்று எழுதிக்கொடுங்கள்.